சேற்றின் மேல் பழி போடாதீர்கள்

பூகம்பத்துக்கு மேல் கீழ் தெரியாது, வந்தால் எல்லாரையும் சமமாக அடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பூகம்பம் கொல்வதில்லை, கட்டிடம்தான் கொல்கிறது என்பது பொறியாளர்களே சொல்லும் பழைய சொல். சரி, எந்தக் கட்டிடம்? யாரைக் கொன்றது? இதைக் கேட்டால் மட்டும், 'இது டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது' என்று ஒதுக்கி விடுகிறார்கள். அந்த டெக்னிக்கல் விஷயத்துக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம், வாங்க தோழர்களே.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன். இளகிய மண்ணில் அஸ்திவாரம் என்ற பாடம் வந்தால் மெக்சிகோ நகரம் வராமல் இருக்காது. 1985 செப்டம்பர் 19, காலை 7.19 மணி. பசிபிக் கரையில் மிச்சோவகான் பக்கம் 8 அளவில் நிலம் நடுங்கியது. நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எத்தனை ஆயிரம் என்பது இன்றுவரை சண்டை. ஏன் இத்தனை சாவு? 'மண் சரியில்லை' என்றது பாடம். அதோடு மணி அடித்துவிட்டது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

மண் என்ன செய்தது என்பதை முதலில் பார்ப்போம். அந்த நகரத்தின் நடுப்பகுதி நிற்பது டெஸ்கோகோ ஏரியின் படுகைமேல். எரிமலைச் சாம்பல் கலந்த களிமண். அதில் மண்ணின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீர் இருக்கும் இடங்கள் உண்டு. இந்தப் படுகை ஒரு முறை போய்வர ஏறக்குறைய 2 வினாடி எடுக்கும். ஊஞ்சல் ஆட்டுகிறவனைப் பாருங்க. பெரிய பலம் வேண்டாம், சரியான நேரத்தில் சின்னதாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் விட்டத்தைத் தொடும். தொலைவிலிருந்து வந்த அலை அதைத்தான் செய்தது. பாறை நிலத்தில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான அசைவைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஏரிப் படுகையில் பதிவானது. பத்து மாடிக் கட்டிடம் ஒரு வினாடியில் போய்வரும் என்பது தோராயக் கணக்கு. விரிசல் விட்டுத் தளரத் தளர அந்த நேரம் நீளும். மண்ணின் தாளத்தோடு போய்ச் சேரும். 6 முதல் 15 மாடிவரை உள்ள கட்டிடங்கள் அதிகம் விழுந்ததன் காரணம் இது.

அடுத்து அஸ்திவாரம். களிமண்ணில் பைல் இறக்குவதில் இரண்டு விதம். ஒன்று, கீழே இருக்கும் கடினத் தளம்வரை இறக்கி அதன்மேல் ஊன்றி நிற்க வைப்பது. இன்னொன்று, பாதியிலேயே நிறுத்தி, சுற்றியுள்ள களிமண்ணின் பிடியை மட்டும் நம்பித் தொங்க விடுவது. இரண்டாவது செலவு குறைவு. சாதாரண நாளில் அது தாங்கும். ஆனால் கட்டிடம் இப்படியும் அப்படியுமாக ஆடும்போது பைலை ஒரு முறை அழுத்தும், மறுமுறை பிடுங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் களிமண்ணின் பிடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். 1985இல் இப்படி நின்ற கட்டிடங்கள் சில மண்ணுக்குள் அமிழ்ந்தன, சில சாய்ந்தன. ஒரு பலமாடிக் கட்டிடம் பைலோடு பிடுங்கிக்கொண்டு குப்புற விழுந்தது.

அப்படியென்றால் மண்தானே குற்றவாளி என்பீர்கள். இல்லை. அதே ஏரிப் படுகையில், நகரத்தின் நட்டநடுவில், 1956இல் முடித்த 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது. 1957 பூகம்பத்திலும் விழவில்லை, 1985லும் விழவில்லை. அதன் கீழே 361 பைல்கள் சுமார் 33 மீட்டர் ஆழத்தில் கடினத் தளத்தில் ஊன்றியிருக்கின்றன. அதோடு, மண்ணை வெட்டி எடுத்துவிட்டு அந்த எடையின் இடத்தில் கட்டிடத்தின் எடையில் ஒரு பங்கை உட்கார வைக்கும் நிலவறை. லியோனார்டோ செவார்ட் என்ற பொறியாளர் மண்ணைத் தோண்டிச் சோதித்து, கணக்குப் போட்டுச் செய்த வேலை. கட்டியது யார்? ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி.

ஆக, மண் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால்தான் நகரம் அமிழ்கிறது என்று நாபோர் காரில்லோ 1940களிலேயே எழுதிவிட்டார். அந்த மண்ணைப் பற்றி மார்சால், மசாரி இருவரும் 1959இல் தடித்த புத்தகமே போட்டார்கள். 1976 கட்டிட விதிகளில் மேட்டு நிலம், இடைநிலம், ஏரி நிலம் என்று நகரத்தை மூன்றாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். அறிவு இருந்தது. அது யார் கட்டிடத்தின் அடியில் போனது, யார் கட்டிடத்தின் அடியில் போகவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஏரி நிலத்தில் ஏழைகள் மட்டும் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வசதியான ரோமா பகுதியும் அங்கேதான். ட்லாடெலோல்கோ குடியிருப்பில் நுவோ லியோன் என்ற கட்டிடத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு சரிந்தன. கட்டிடம் சாய்கிறது, அஸ்திவாரத்தைப் பாருங்கள் என்று குடியிருந்தவர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். மண் ஒன்றுதான். யாருடைய புகார் காதில் ஏறும் என்பது ஒன்றல்ல.

சான் அந்தோனியோ அபாத் பகுதியின் தையல் பட்டறைகளைப் பாருங்கள். அங்கே பல பட்டறைகளில் காலை ஏழு மணிக்கே பெண்கள் மெஷின்முன் உட்கார்ந்துவிட்டார்கள். மாடிக்கு மாடி துணிச் சுருள்களும் மெஷின்களும். களிமண்ணின் பிடியில் தொங்கும் அஸ்திவாரத்துக்கு அளவு உண்டு. மேலே பாரம் ஏற ஏற, பூகம்பத்துக்கென்று மிச்சம் வைத்த பலம் தின்னப்பட்டுவிடும். துணிச் சுருளை அடுக்கியது மண்ணா? நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே நசுங்கிச் செத்தார்கள். இடிபாட்டுக்குள் ஆள் இருக்கும்போதே முதலாளிகள் மெஷின்களை வெளியே எடுத்தார்கள் என்று உயிர் பிழைத்த பெண்கள் சாட்சி சொன்னார்கள்.

அந்தப் பெண்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. இடிபாட்டின் எதிரிலேயே உட்கார்ந்தார்கள். சுமார் ஒரு மாதத்தில் 'செப்டம்பர் 19' என்ற பெயரிலேயே சங்கம் கட்டினார்கள். அதன் பொதுச்செயலாளர் எவாஞ்செலினா கொரோனா, தானும் ஒரு தையல் தொழிலாளி. 1991இல் நாடாளுமன்றத்துக்கே போனார். பூகம்பம் வந்த தேதியைச் சங்கத்தின் பெயராக்கிய வேலை இருக்கே, அது எந்தப் பொறியியல் பாடத்திலும் இல்லை. என் பாடத்திலும் இல்லை.

அந்தச் சேற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏரி நடுவே தீவில் இருந்தது டெனோச்டிட்லான். கரை கட்டித் தண்ணீரை ஆண்ட மக்கள் அவர்கள். 1521இல் ஸ்பானியர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். 1607இலிருந்து பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்து, மலையைக் குடைந்து தண்ணீரை வெளியே விட்டார்கள். ஏரியை வற்றவைத்து அதன்மேல் தலைநகரத்தை வளர்த்தவர்கள் ஆண்டவர்கள். மண் வெட்டியவர்கள் அடிமைகள். 'இயற்கையாகவே மோசமான மண்' என்று சொல்லுகிறபோது இந்த ஐநூறு வருஷம் காணாமல் போய்விடுகிறது.

2017இல் அதே செப்டம்பர் 19. இந்த முறை 7.1 அளவு, நகரத்துக்குக் கிட்டத்தில். அலையின் தாளம் வேகமாக இருந்ததால் நான்கு முதல் ஏழு மாடிவரை உள்ள கட்டிடங்கள் அதிகம் அடிபட்டன. ஒப்ரேரா பகுதியில், சிமால்போபோகா தெரு முனையில், பெண்கள் வேலை செய்த ஒரு தையற்கூடக் கட்டிடமும் விழுந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் தையல் மெஷின்முன் இருந்த பெண்கள். இதற்கும் மண்தான் காரணமா?

சிவில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லணும். மண் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படிப்பதும் அரசியல் வேலைதான். கடினத் தளம் எத்தனை மீட்டரில் இருக்கிறது? பைல் அதுவரை போயிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா? எவ்வளவு பாரத்துக்குக் கட்டினார்கள், இப்போது எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள்? கட்டிடம் சாய்கிறது என்று குடியிருப்பவர் சொன்னபோது யார் வந்து பார்த்தார்கள்? இந்த நாலு கேள்விக்குப் பெரிய படிப்பு வேண்டாம். பதில் கட்டினவன் கையில் இருக்கிறது, அனுமதி கொடுத்தவன் ஃபைலில் இருக்கிறது. மேலே குடியிருக்கிறவன் கைக்கு மட்டும் அது வருவதில்லை. கேட்டு வாங்கணும். கொடுக்க மறுத்தால், ஏன் மறுக்கிறாய் என்று தெருவில் நின்று கேட்கணும். பூகம்பத்துக்கு முன்னாடி கேட்கணும்.