சொந்தக் கணினியில் பூட்டிய அறை

சென்ற மாதம் என் தங்கைக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினோம். ஏதோ ஓர் அலுவலகம் பயன்படுத்திவிட்டுக் கழித்தது. கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டு 900 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார். வீட்டில் அதைத் தொடக்கும்போது எந்த விசைகளை அழுத்தினேனோ, விண்டோஸ் வருவதற்கு முன்பே வேறொரு திரை தோன்றிக் கடவுச்சொல் கேட்டது. விளையாட்டாக 'அட்மின்' என்று தட்டினேன். ஏற்றுக்கொண்டு, புதிய கடவுச்சொல் வைக்கச் சொன்னது. பழைய அலுவலகம் அதைத் தொட்டதே இல்லை என்று புரிந்தது.

நான் தட்டியது, கணினிக்குள் இருக்கும் இன்னொரு கணினியின் கதவை.

2008 வாக்கிலிருந்து வரும் ஏறக்குறைய எல்லா இன்டெல் கணினிகளிலும், முதன்மைச் செயலியோடு மேனேஜ்மெண்ட் எஞ்சின் என்ற சிறிய செயலியும் இருக்கிறது. அதற்கெனத் தனி நினைவகம், தனி இயங்குதளம் உண்டு. கணினியை நாம் அணைத்த பிறகும், மின்சாரம் கிடைக்கும்வரை அது விழித்திருக்கலாம். விண்டோஸையோ லினக்ஸையோ கேட்காமலேயே வலையமைப்பைப் பயன்படுத்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஏ.எம்.டி. நிறுவனமும் 2013 முதல் தன் சில்லுகளில் இதுபோன்ற ஒரு பாதுகாப்புச் செயலியை வைக்கிறது.

ஏன் வைத்தார்கள்? காரணம் நியாயமானதுதான். ஆயிரம் கணினிகள் உள்ள ஒரு நிறுவனத்தில், பழுதான ஒவ்வொன்றையும் தேடிப் பணியாளர் ஓட முடியாது. அலுவலகங்களுக்கென விற்கப்படும் வகைகளில் ஆக்டிவ் மேனேஜ்மெண்ட் டெக்னாலஜி என்ற வசதி உண்டு. விண்டோஸ் செயலிழந்த கணினியைக்கூடத் தொலைவிலிருந்து இயக்கலாம், அதன் திரையைப் பார்க்கலாம், சரிசெய்யலாம். வீட்டுக்கென விற்கப்படும் கணினிகளில் இந்த வசதி பொதுவாக இல்லை. ஆனால், அந்தச் சிறிய செயலி அவற்றிலும் இருக்கிறது.

ஒரு வெற்று விடை

2017 மே மாதத்தில் இந்த வசதியில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. நிரலாக்கம் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே நுழைபவர் அனுப்பும் விடையைச் சரியான விடையோடு ஒப்பிடும் நிரல், எத்தனை எழுத்துகளை ஒப்பிட வேண்டும் என்பதை அனுப்பப்பட்ட விடையின் நீளத்தைக் கொண்டே முடிவு செய்தது. விடை வெறுமையாக இருந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆகவே 'சரி' என்று கதவைத் திறந்துவிட்டது! பல ஆண்டுகளாக விற்ற அலுவலகக் கணினிகளில் இந்தப் பிழை இருந்தது. இன்டெல் திருத்தத்தை வெளியிட்டது. ஆனாலும் அந்தத் திருத்தம், கணினியைத் தயாரித்த ஒவ்வொரு நிறுவனத்தின் வழியாகவும்தான் பயனரிடம் வந்துசேர வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் இன்னொரு செய்தி. புதிய தலைமுறை மேனேஜ்மெண்ட் எஞ்சினுக்குள் ஓடுவது மினிக்ஸ் என்று தெரியவந்தது. அது பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்குக் கற்பிக்க 1987இல் வெளியிட்ட இயங்குதளத்தின் வழி வந்தது. உரிமத்தின்படி இன்டெல் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். எழுதியவருக்கே தெரியவில்லை என்றால், வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

சுவிட்ச் யாருக்கு?

என்னை அதிகம் யோசிக்கவைத்தது மூன்றாவது செய்தி. 2017 ஆகஸ்டில் பாசிட்டிவ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்தச் செயலியைத் தொடக்க வேலை முடிந்ததும் நிறுத்திவிடும் மறைவான ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக, கணினித் தயாரிப்பாளர்கள் கேட்டதால் சேர்த்தோம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. பொதுமக்களுக்கு அது அதிகாரபூர்வமான வசதி அல்ல.

ஆக, நிறுத்த முடியும். கேட்கும் வலிமை உள்ளவருக்கு மட்டும்.

ஓர் அடுக்குமாடி வீட்டை முழுப் பணம் கட்டி வாங்குகிறோம். உள்ளே ஓர் அறை மட்டும் பூட்டியிருக்கிறது. சாவி நிர்வாக அலுவலகத்திடம். "உங்கள் நன்மைக்குத்தான், குழாய் பழுதானால் பார்க்க வசதி" என்கிறார்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பெரிய மனிதருக்கு அந்த அறையை மூடிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், நாம் கேள்வி கேட்போமா, மாட்டோமா?

இன்டெல் நம்மை உளவு பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை. கள்ளக்கதவு எதையும் வைக்கவில்லை என்று அந்நிறுவனம் திட்டவட்டமாக மறுத்துள்ளது. என் கேள்வி வேறு. அந்த நிரலின் மூலம் வெளியிடப்படவில்லை. இன்டெல்லின் கையொப்பம் இல்லாத நிரலைச் சில்லு ஏற்காது. சில தலைமுறைக் கணினிகளில் அதை அழித்துவிட்டால், 30 நிமிடத்தில் கணினி தானே அணைந்துவிடும். நல்லெண்ணத்தை நம்பலாம், ஆனால், நம்மால் சோதிக்க முடியாததில் பிழை இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? 2017இன் வெற்று விடையைக் கண்டுபிடித்தவர்கள் வெளியாட்கள்தாம்.

மாற்றம் முடியாதது அல்ல. பியூரிசம், சிஸ்டம்76 போன்ற சிறு நிறுவனங்கள் இச்செயலியை முடக்கிய மடிக்கணினிகளை விற்க முன்வந்தன. பெரிய நிறுவனங்களும் ஒரு சுவிட்ச் தரலாம். வாங்குபவர் கேட்டால்தான் தருவார்கள்.

இது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல்லின் முதல் தொழிற்சாலை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. இன்று பொறியியல் படிக்கும் உங்களில் சிலர் நாளை அங்கே வேலைக்குப் போகலாம். சுவிட்ச் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு வரும் மேசையில் நீங்களும் இருக்கக்கூடும்.

அதுவரை ஒரு சிறு வேலை. பழைய அலுவலக மடிக்கணினி வைத்திருந்தால், தொடக்கத்தில் கண்ட்ரோல் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல கணினிகளில் அந்தத் திரை வரும். வந்தால், கடவுச்சொல்லை மாற்றுங்கள், தொலைநிலை வசதியை அணையுங்கள், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பியுங்கள். என் தங்கையின் கணினியில் இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அறை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முன்கதவின் சாவியாவது இப்போது அவளிடம் இருக்கிறது.