பறவை பொதுச்சொத்து, வேலி தனிச்சொத்து

அமெரிக்காவில் காட்டுயிர் எவருடைய தனிச்சொத்தும் அன்று, மக்கள் அனைவரின் பொருட்டும் அரசு அதை அறங்காவலராக நின்று பேணுகிறது, வேட்டையாடும் வாய்ப்பு பிறப்பாலும் செல்வத்தாலும் அன்றிச் சட்டத்தால் பகிரப்படுகிறது: சூழலியல் வகுப்பறைகளில் 'வட அமெரிக்க மாதிரி' இவ்வாறுதான் அறிமுகமாகிறது. ஏழு கோட்பாடுகள் கொண்ட அம்மாதிரியைக் கற்பிப்பவர்கள் அதன் வாசற்கதவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. எல்லோருக்கும் உரிய பறவையை அடைய, முன்பின் அறியாத ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும் என்பதே அங்குள்ள நடைமுறை.

காட்டு வான்கோழியை எடுத்துக்கொள்வோம். கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பல மாநிலங்களிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது. மீட்டது பொதுப்பணம். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் கலால் வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்கு வழங்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937இல் வந்தது. அந்த நிதியும் உரிமக் கட்டணமும் சேர்ந்து, பறவைகளை வலைவீசிப் பிடித்து வேறிடங்களில் குடியேற்றும் பணியை நடத்தின. வெர்மான்ட் மாநிலத்தில் 1969, 1970 ஆகிய இரு ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை வெறும் 31 பறவைகள். இன்று அங்கே அவை பல்லாயிரம். நாடு முழுவதும் அரைக் கோடிக்கும் மேல். எந்த நிலவுடைமையாளரும் முட்டையிட்டு வளர்த்த பறவையன்று இது.

ஆயினும் ஏப்ரல் விடியலில் சேவல் எங்கிருந்து கூவுகிறது என்பதே கேள்வி. கன்சாஸிலும் டெக்சாஸிலும் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் தனியாருடையது. பறவை அடையும் மரமும் இரைதேடும் வயலும் பெரும்பாலும் ஒருவரின் பட்டாவுக்குள் அடங்கிவிடுகின்றன. உரிமத்தை அரசிடம் வாங்கியவன், நுழைவை நிலக்காரரிடம் யாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த யாசகத்துக்கென்றே ஓர் ஒழுக்க இலக்கியம் அங்கே வளர்ந்துள்ளது. பருவம் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே செல்க, உருமறைப்பு உடையில் செல்லாதே, கூட்டமாகச் செல்லாதே, வேலி பழுதுபார்க்க உதவுவதாகச் சொல், கிடைத்த இறைச்சியில் பங்கு கொடு, மறுத்தாலும் நன்றி கூறித் திரும்பு. நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் அவை எவருக்காக எழுதப்பட்டவை? சட்டையை மாற்றினால் போதும், கதவு திறந்தவுடன் நம்பத்தக்கவராகத் தோன்றிவிடலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்காக. 2023 ஏப்ரலில் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில், தம்பியரை அழைத்துவரச் சென்று தவறான வீட்டின் மணியை அழுத்திய 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் கதவுக்கு அப்பாலிருந்து சுடப்பட்டான். உயிர் பிழைத்தான். அவன் கையில் துப்பாக்கி இல்லை. வேட்டை அனுமதியும் கேட்கவில்லை. எல்லோருக்கும் சமமான வாய்ப்பு என்று எழுதும் ஆசிரியர்கள் இந்தக் கதவை ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இது தொன்றுதொட்டு வந்த கிராமப் பண்பாடு என்பது அடுத்த வாதம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வேட்டையை நிலச்செல்வர்க்கே உரியதாக்கிய இங்கிலாந்தின் 1671 வேட்டைச் சட்டத்துக்கு நேர்மாறாக, வேலியிடப்படாத பிறர் நிலத்திலும் வேட்டையாடும் உரிமையைப் பென்சில்வேனியாவின் 1776 அரசியலமைப்பு வழங்கியது. வெர்மான்ட் மறு ஆண்டே அதைப் பின்பற்றியது. அங்கே அது இன்றும் நடப்பில் உள்ளது. தென் மாநிலங்களிலும் வேலியற்ற நிலம் அனைவரின் வேட்டைக்களமாகவே இருந்தது. அடிமை முறை ஒழிந்தபின் நிலைமை மாறியது. காட்டில் இறைச்சியும் ஆற்றில் மீனும் கிடைக்கும் வரை, விடுதலை பெற்ற மக்கள் குறைந்த கூலிக்குப் பருத்தி வயலுக்குத் திரும்ப மாட்டார்கள் என்பதைத் தோட்ட முதலாளிகள் நன்கு அறிந்திருந்தனர். அத்துமீறல் சட்டங்களும் வேட்டைக் கட்டுப்பாடுகளும் அடுத்தடுத்து வந்தன. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளை மட்டும் குறிவைத்து இயற்றப்பட்டவையும் உண்டு. ஸ்டீவன் ஹான் 1982இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகக் காட்டியிருக்கிறது. 1878ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தைப் பொதுவளப் பறிப்பு என்று தயங்காமல் வாசிக்கும் நம் மாணவர்களுக்கு, ஹானின் கட்டுரை ஏன் பாடத்திட்டத்தில் இல்லை?

நிலவுடைமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. வான்கோழி வேட்டைக்காரன் உடல் முழுவதும் மறைத்து, மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அழைப்பவன். அவன் அங்கிருப்பதை அறியாத இன்னொருவன் அக்குரலை நோக்கிச் சுட்டுவிடக்கூடும். தன் நிலத்தில் யார் எங்கே இருக்கிறார் என்பதை உழவர் அறிய விரும்புவது அகந்தையன்று. ஆனால் அறிந்துகொள்வது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. முதலாவதற்குப் பதிவேடு போதும். இரண்டாவது, அரசு அனைவருக்கும் வழங்கிய உரிமத்தைத் தனியொருவர் தம் விருப்புவெறுப்புக்கேற்ப மறுக்கும் அதிகாரம். அந்த அதிகாரத்துக்கு விலையும் ஏறிவிட்டது. டெக்சாஸில் வேட்டைக் குத்தகை ஒரு தொழில். மரத்தில் எட்டு அங்குல நீளத்துக்கு ஊதாச் சாயம் தீட்டினாலே, பிறர் நுழையக் கூடாது என்ற சட்ட அறிவிப்பாகிவிடும். பறவையை விற்பது அங்கே குற்றம்; பறவை நிற்கும் இடத்துக்கான வழியை விற்பது வணிகம்.

மாற்று வழிகள் கற்பனையில் இல்லை. வெர்மான்டில் வேட்டைக்காரரைத் தடுக்க விரும்பும் நிலக்காரர் 400 அடிக்கு ஒரு பலகை நட்டு, அதில் ஆண்டைக் குறித்து, ஊர் எழுத்தரிடம் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். மறுப்பதற்கான உழைப்பு மறுப்பவர்மீது விழுகிறது. கன்சாஸ் 1995இல் தொடங்கிய நடைநுழைவுத் திட்டத்தில், அரசே நிலக்காரருக்குப் பணம் கொடுத்து நிலத்தைப் பருவத்துக்கு வாங்கி, வரைபடமாக வெளியிடுகிறது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் இவ்வாறு திறந்துள்ளது. உரிமம் வைத்திருக்கும் எவரும், எந்த நிறத்தவரும், யாருடைய முகத்தையும் பார்க்காமல் விடியலுக்கு முன் அங்கே நடந்து செல்லலாம். உழவருக்கும் வருமானம்.

இத்தகைய திட்டங்களுக்கு ஒன்றிய அரசு நிதி தரும் ஏற்பாடு 2008 வேளாண் சட்டத்தில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. துப்பாக்கி வரியைப் போல அது நிலையான வருவாயன்று; ஒவ்வொரு வேளாண் சட்டம் வரும்போதும் அந்த நிதியைப் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.