அறியாமை நிம்மதி ஆகாது

நெடுநாள் இருமலும் மாடிப்படி ஏறுகையில் முன்பில்லாத மூச்சிரைப்பும் கண்டவர்கள், மருத்துவர் எழுதித் தரும் நுரையீரல் பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது தமிழ்நாடெங்கும் காணப்படும் வழக்கம். ‘போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள்’, ‘நோயின் பேர் தெரிந்தால் கவலையே ஆளைத் தின்றுவிடும்’, ‘வயதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்னும் சொற்கள் சிதம்பரம், கடலூர் வட்டார வீடுகளிலும் அன்பான அறிவுரையாகவே வழங்கி வருகின்றன. நுரையீரல் நோயைத் தொடக்கத்திலேயே அறிவதால் பயன் ஏதும் இல்லை, அறியாதிருக்கும் வரையிலாவது மனம் நிம்மதியாக இருக்கும் என்னும் நம்பிக்கையே இவை அனைத்திற்கும் அடிப்படை. அன்பினால் சொல்லப்படுகிறது என்பதற்காக இந்த நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அது தருவதாகச் சொல்லும் நிம்மதியைத் தராததோடு, செயல்பட மிகவும் ஏற்ற காலத்தையும் நோயாளியிடமிருந்து பறித்துவிடுகிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மார்பு நோய் என்றாலே காசநோய், காசநோய் என்றாலே வீட்டைவிட்டு விலக்கப்படுதல் என்றிருந்த தலைமுறைகளின் நினைவு இன்னும் குடும்பங்களில் வாழ்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் எத்தனையோ பேருக்கு ஆறுதல் அளித்தது எனினும், அதன் பெயரே பல ஊர்களில் கிலியை எழுப்பும் சொல்லாயிற்று. அந்தக் கிலிக்கு அறிவியல் வழியில் விடை கண்டதும் இதே தமிழ் மண்தான். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது; வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பலன் தருகிறது என 1959இல் அது வெளியிட்ட முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. அச்சத்தின் காரணம் இவ்வாறு தளர்ந்த பின்னும் அச்சம் மட்டும் தளராமல், இன்று வேறொரு நோயின் மீது ஏறி அமர்ந்திருக்கிறது.

அந்த வேறொரு நோய், மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என அழைக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகையாலும் தூசியாலும் மூச்சுக் குழல்கள் நெடுங்காலம் புண்பட்டுச் சுருங்குவதாலும், காற்றும் இரத்தமும் வாயுக்களைப் பரிமாறிக்கொள்ளும் நுண்காற்றறைகள் சிதைவதாலும், உள்ளே இழுத்த காற்றை முழுமையாக வெளியேற்ற முடியாமல் போகும் நிலையே அது. தொடக்க நிலையில் இந்த நோய் எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே ‘படம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை’ என்று அமைதி கொள்வதும், படத்தில் ஏதோ நிழல் விழுந்துவிடும் என்று அஞ்சி நடுங்குவதும் ஒருசேரத் தவறானவை. இதைக் கண்டறிவது ஸ்பைரோமீட்டர் என்னும் ஊதும் கருவி. முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று, மொத்தமாக வெளியேறும் காற்றில் எத்தனை பங்கு என்பதை அது அளக்கிறது. மூச்சுக் குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பின்னரும் அந்தப் பங்கு 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருப்பதாகக் கொள்கின்றனர். ஊசியோ கத்தியோ இல்லாத, சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனைக்குத்தான் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் அஞ்சுகின்றனர்.

‘பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத்தானே அது வரும்’ என்னும் துணை நம்பிக்கை, முதல் நம்பிக்கைக்குக் காவலாக நிற்கிறது. 2016ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. அதனால் நேர்ந்த உடல்நல இழப்பில் பாதிக்கு மேல் வீட்டிலும் வெளியிலும் உள்ள காற்று மாசினாலும், ஏறத்தாழ கால் பங்கு புகையிலையாலும் நேர்ந்ததாக அந்த மதிப்பீடு கூறுகிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் ஒருபோதும் புகை பிடிக்காத 900 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. விறகும் வரட்டியும் எரியும் அடுப்படியில் கழிந்த ஆண்டுகளை எவரும் புகைப்பழக்கமாகக் கணக்கிடுவதில்லை. கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட, மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூர் இடம்பெற்றது, சிப்காட் வளாகத்தை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களின் மக்கள் இரசாயன நெடியைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர், பண்ருட்டிப் பகுதியில் முந்திரிக்கொட்டை வறுக்கும்போது எழும் காரப்புகை கண்ணையும் தொண்டையையும் எரிப்பதை அங்கு வேலை செய்வோர் அறிவர். இவர்களிடம் சென்று ‘நீங்கள்தான் பீடி குடிப்பதில்லையே’ என்று ஆறுதல் சொல்வது, மூச்சு வாங்குவதற்கான காரணத்தைத் தேடும் வழியையே அடைத்துவிடுகிறது.

அறியாமை நிம்மதி தருகிறது என்பதை உடலே மறுக்கிறது. கவலையில் உள்ளவரின் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது. அதனால் மார்பு இறுகி, தலை கிறுகிறுத்து, காற்றுப் போதவில்லை என்னும் உணர்வு எழ, அந்த உணர்வையே நோயின் சான்றாக எடுத்துக்கொண்டு கவலை மேலும் பெருகுகிறது. உண்மையிலேயே அடைப்பு உள்ளவருக்கு இது இன்னும் கடுமையானது. மூச்சை வெளியேற்றக் கூடுதல் நேரம் தேவைப்படும் நுரையீரலில், வேகமான மூச்சு பழைய காற்றைத் தேக்கி வைத்து மூச்சிரைப்பை உண்மையாகவே கூட்டிவிடுகிறது. இரவில் விழித்திருந்து தன் மூச்சைத் தானே எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, தன் இரைப்பில் எத்தனை பங்கு நோய், எத்தனை பங்கு அச்சம் என்பதைப் பிரித்துச் சொல்ல இயலாது. அந்தப் பிரிப்பைத் தொடங்க அளவு வேண்டும். அளவில்லாத அச்சத்திற்கு எல்லையும் இல்லை என்பதால், சோதனையைத் தவிர்ப்பவர் தவிர்ப்பது நோயின் பெயரை மட்டுமே, கவலையை அன்று.

தொடக்கத்தில் அறிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் வாதம், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே தோற்றது. இலண்டனில் வேலை செய்த ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஃபிளெச்சர், பீட்டோ ஆகியோர், இழந்த நுரையீரல் ஆற்றல் மீளாவிடினும் புகையை விட்டவரின் இழப்பு வேகம் இயல்பான அளவை நெருங்கும் என்று 1977இல் காட்டினர். அமெரிக்காவிலும் கனடாவிலும், தொடக்க நிலை அடைப்பு இருந்த 5,887 புகைப்பழக்கத்தினரிடம் தொடங்கிய ஆய்வின் பதினோராண்டுக் கணக்கில், தொடர்ந்து புகைத்த ஆண்களின் ஒரு நொடி மூச்சளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 66 மில்லி லிட்டர் குறைய, விட்டவர்களுக்கு அது 30ஆகவே இருந்தது. 2024இல் வெளியான கனடா ஆய்வு, மூச்சுத் தொல்லை இருந்தும் காரணம் கண்டறியப்படாதிருந்தவர்களைத் தேடிச் சென்று சோதித்தது. ஆஸ்துமாவோ அடைப்பு நோயோ உறுதியான 508 பேரில், நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் சேர்க்கப்பட்டோருக்கு வழக்கமான மருத்துவரிடம் சென்றோரைவிட ஏறத்தாழப் பாதி முறைகளே மூச்சுக் கோளாறுக்காக மருத்துவ உதவியை நாட நேர்ந்தது. இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. அறிதலுக்குப் பயன் இல்லை என்போர் இந்த எண்களுக்கு விடை கூற வேண்டும்.

எதிர்வாதத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் அனைவரையும் பிடித்து இச்சோதனைக்கு உட்படுத்த வேண்டியதில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இலும் உறுதிப்படுத்தியுள்ளது. முதுமையில் முதல் நொடியில் வெளியேறும் காற்றின் பங்கு இயல்பாகவே குறைவதால் 0.70 என்னும் ஒரே எல்லைக்கோடு சில முதியவர்களைத் தேவையின்றி நோயாளியாக்கிவிடக்கூடும். சரியாக ஊதாத ஒருவரின் முடிவும் பிழைபடும். ஆகவே எல்லையை ஒட்டிய முடிவை மற்றொரு நாள் மீண்டும் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும். ஆனால் இந்த எச்சரிக்கைகள் இருமலும் இரைப்பும் உடையவர் வீட்டில் உட்கார்ந்திருக்கக் காரணமாகா. மேலும், 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்நோய் உடையோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இளமையிலேயே குறைந்த நுரையீரல் ஆற்றலுடன் தொடங்கியவர்கள் என்றும், அவர்களது ஆற்றல் வேகமாகச் சரியவில்லை என்றும் காட்டியது. நோயின் பெயர் கேட்ட உடனே ஆயுளை எண்ணத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டிய செய்தி இது.

ஐயத்திற்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் செய்யத்தக்கவை பல: புகையை அன்றே விடுதல், அடுப்படியில் காற்றோட்டம் ஏற்படுத்துதல், நடையை நிறுத்தாமல் இயன்ற அளவு தொடர்தல், இதழ்களைக் குவித்து மெல்ல மூச்சு விடப் பழகுதல், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி எடுத்துச் செல்லுதல். நோய் உறுதியானால் இன்ஹேலர் மருந்தும், சளிக்காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும் உள்ளன. இன்ஹேலர் ‘பழக்கமாகிவிடும்’ என்பது, மருந்து தேவைப்படுவதைப் போதை என்று குழப்பிக்கொள்வதாகும்.

பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவதும் அநீதி. இங்கிலாந்தில் புகைப்பழக்கமுள்ள 561 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அனைவரும் மூச்சளவு சோதனை செய்துகொண்டனர். முடிவை வெறும் எண்ணாகப் பெற்றோரில் 6.4 விழுக்காட்டினரும், ‘உங்கள் நுரையீரலின் வயது இவ்வளவு’ என்று புரியும்படி விளக்கம் பெற்றோரில் 13.6 விழுக்காட்டினரும் ஓராண்டின் பின் புகையை விட்டிருந்தனர். விளக்கமே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பெயரில் தொடங்கி இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனை சிதம்பரத்திற்கு அருகிலேயே இருக்கிறது. எனினும் பரங்கிப்பேட்டையின் மீனவருக்கும் காட்டுமன்னார்கோயிலின் விவசாயத் தொழிலாளிக்கும் ஒரு நாள் கூலியை இழக்காமல் ஊதிப் பார்க்கும் வசதி வட்டார அளவிலேயே கிடைக்க வேண்டும், முடிவைத் தமிழில் பொறுமையாக விளக்கும் மருத்துவரும் கிடைக்க வேண்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளப்பது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்ட மாநிலத்தில், மூச்சை அளப்பது மட்டும் மரணச் செய்தியைக் கேட்கப் போவதுபோல் அஞ்சப்படுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ‘போகாதே, ஏதாவது சொல்லிவிடுவார்கள்’ என்று தடுக்கும் உறவினர், ‘வா, நானும் கூட வருகிறேன்’ என்று சொல்லத் தொடங்குவதே இந்நோயைக் குறித்த அச்சத்திற்கு ஒரு குடும்பம் செய்யக்கூடிய முதல் வைத்தியம்.