கார் ஃபேக்டரிக்கு முன்பே ரேஸ் வந்த ஊர்! - இருங்காட்டுக்கோட்டை டிராக் கதை

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றதும் ஹூண்டாய் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வரிசைகட்டி நிற்கும் கம்பெனி பஸ்கள், புதுக் கார்களைச் சுமந்துகொண்டு மெதுவாகத் திரும்பும் நீள லாரிகள்... இதுதான் அந்தச் சாலையில் தினமும் தெரியும் காட்சி.

ஆனால், இங்கே தயாரான முதல் சான்ட்ரோ ஷோரூமுக்கு வந்தது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ - நிஸான் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 2010-ல். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, 1990-லேயே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் கார்கள் சீறிப் பாய ஆரம்பித்துவிட்டன. ஆம், கார் ஃபேக்டரிக்கு முன்பே கார் ரேஸ் வந்த ஊர் இது!

ஜி.டி கார் என்றால் என்ன?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, தமிழ்நாட்டில் பலரும் தேடிய வார்த்தை 'ஜி.டி'. இத்தாலிய மொழியில் 'கிரான் டூரிஸ்மோ' என்பதன் சுருக்கம் இது. 'நெடும் பயணம்' என்று சொல்லலாம். இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஏறி, அலுப்பில்லாமல் நாடு விட்டு நாடு போகும்படி செய்யப்பட்ட வேகமான கார்தான் ஜி.டி கார்.

இந்தக் கார்களுக்கான ரேஸில் ஓர் அடிப்படை விதி உண்டு. டிராக்கில் ஓடும் காருக்கும், கடையில் விற்கும் காருக்கும் உறவு இருக்க வேண்டும். ரேஸுக்காக மட்டும் ஒன்றிரண்டு கார்களைச் செய்து கொண்டுவந்தால் செல்லாது. 1960-களில், 12 மாதங்களில் 100 கார்கள் தயாரித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஃபெராரி தன் புகழ்பெற்ற '250 ஜி.டி.ஓ' காரை 40கூடச் செய்யவில்லை. 'இது புதுக் கார் இல்லை, பழைய மாடலின் மாற்று வடிவம்தான்' என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டது. விதியும், அதில் சந்து கண்டுபிடிக்கும் சாமர்த்தியமும் ரேஸோடு கூடவே பிறந்தவை!

நம்ம ஊர் ஜி.டி!

அப்போது இந்தியாவில் ஃபெராரிக்கு எங்கே போவது? கடையில் கிடைத்தவை அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்கே பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் 'ரோட்டில் ஓடும் கார்தான் ரேஸிலும் ஓட வேண்டும்' என்ற அந்த விதி இங்கே தானாகவே நிறைவேறியது. வேறு வழி இல்லையே!

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் குடும்பத்தை ஏற்றிப்போன அதே ஃபியட்டில் பின் சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினைத் தட்டிச் சரிசெய்து ரேஸுக்குக் கொண்டு வந்தார்கள். சென்னையில் தயாரான ஹெரால்டும் களத்தில் நின்றது. பிரீமியர் பத்மினி, மாருதி 800, எஸ்டீம் என்று பின்னால் வந்தவையும் இதே வழியில்தான் ரேஸ் கார்கள் ஆயின.

ஓடுதளத்திலிருந்து டிராக்குக்கு...

1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் சோழவரத்தில். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 'சோழவரம் ரேஸ்' என்றால் அந்தக் காலத்தில் திருவிழாதான். தாத்தா, பெரியப்பா யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரு கதையாவது கிடைக்கும்.

ஆனால் ஓடுதளம் என்பது விமானத்துக்காகப் போட்டது. கட்டுப்பாடு இழந்து விலகும் காருக்கு இடம்விட்டு வளைவுகளை அமைக்க வேண்டும், பார்வையாளர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் உடனே உள்ளே வர வழி வேண்டும். இரவல் இடத்தில் இதையெல்லாம் செய்வது கஷ்டம். அதனால்தான் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் அமைத்தது. மொத்தம் 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இன்று இதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

கோயம்புத்தூர் எஸ்.கரிவர்தன் இந்தக் கதையில் முக்கியமானவர். மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து 1988-ல் 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாதவர்களுக்கும் ரேஸின் கதவு திறந்தது. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். கோவையில் உள்ள ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில், இந்த டிராக்கில் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர். 2019 நவம்பரில் ஜப்பானின் ஃப்யூஜி டிராக்கில், ஜப்பானின் சூப்பர் ஜி.டி கார்களும் ஜெர்மனியின் டி.டி.எம் கார்களும் மோதிய சிறப்பு ரேஸில், ஹோண்டா என்.எஸ்.எக்ஸ் காரை ஓட்டி வென்றார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து போன ஒருவர், அசல் ஜி.டி காரில் பெற்ற வெற்றி அது.

டிராக்கிலும் ஆபத்து உண்டு

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரி 8 அன்று இதே டிராக்கில், தேசிய கார் ரேஸ் சாம்பியன்ஷிப்பின் சலூன் கார் போட்டியில் நடந்த விபத்தில் மூத்த ரேஸர் கே.இ.குமார் உயிரிழந்தார். வயது 59. அன்றைய மீதிப் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், தேசிய பைக் ரேஸில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விபத்தில் இறந்தான்.

இத்தனைக்கும் அங்கே என்னென்ன ஏற்பாடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். சலூன் ரேஸ் காருக்குள், கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கும். தோள், இடுப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டும் பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை கட்டாயம். வெளியிலிருந்தே மின் இணைப்பைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் ரேஸே நிற்கும். டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்பார்கள். எதிரே வண்டி வராது, யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள்.

அப்படியும் உயிர் போகிறது. அப்படியென்றால், கொடி காட்ட ஆளில்லாத, ஆம்புலன்ஸ் காத்திருக்காத நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவது எவ்வளவு பெரிய விபரீதம்? டிராக்குக்கு வெளியே இருக்கும் அதே சாலையில்தான் நைட் ஷிஃப்ட் முடித்த தொழிலாளி தூக்கக் கலக்கத்தோடு ரோட்டைக் கடக்கிறார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை, அவரைச் சுற்றி இரும்புக் கூண்டும் இல்லை.

வீட்டில் வேகத்தின் மேல் ஆசையுள்ள பிள்ளை இருந்தால் திட்டி அடக்குவதோடு நிறுத்த வேண்டாம். ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப்போய் ஒரு ரேஸைக் காட்டுங்கள். வளைவு வருவதற்கு முன்பே அந்த டிரைவர்கள் எப்படி பிரேக் பிடிக்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள். எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அங்கே ரேஸை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்!