பாட்டு ஒருமுறைதான் அழைக்கும்



என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு '90ஸ் கிட்ஸ்' மிட்டாய்க் கடை திறக்கப் போகிறார். கண்ணாடி ஜாடிகளில் தேன் மிட்டாய், கமர்கட், சூட மிட்டாய். சுவரில் பழைய கேசட்டுகள். நாள் முழுக்க இளையராஜா. "ஓடுமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை, இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

'பழசைக் காசாக்குகிறார்கள்' என்று இந்தக் கடைகளைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பாட்டைக் கேட்டதும் தாத்தா பேரனிடம் இலங்கை வானொலியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். பேரனும் நின்று கேட்கிறான். இது சின்ன விஷயமில்லை. அதனால்தான் பாட்டைக் காதைப் பிளக்கும்படி வைக்காதீர்கள் என்கிறேன். பேச்சு கேட்கவில்லை என்றால் அந்தக் கடைக்கு அர்த்தமே இல்லை.

ஆனால் பாட்டு ஆளை ஒருமுறைதான் உள்ளே அழைக்கும். 1976-இல் வந்த 'அன்னக்கிளி' பாடல்கள் இன்று எல்லோர் கைபேசியிலும் இருக்கின்றன. நல்ல கமர்கட்தான் கிடைப்பதில்லை. வெல்லப்பாகும் தேங்காயும்தான் சரக்கு. பதம் கொஞ்சம் தப்பினால் இளகிவிடும், இல்லையென்றால் கல்லாகிவிடும். அந்தப் பதம் தெரிந்த கை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். சுவர் அலங்காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது கடலைக்காகவும் வெல்லத்துக்காகவும் கைப்பக்குவத்துக்காகவும்தான்.

நிறம் பற்றி வேதியியல் வாத்தியாராகக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது ஆய்வகத்தில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. "நாங்களும் தின்றுதானே வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?" என்பது பதிலாகாது. நம் நாக்கில் சிவப்பாக ஒட்டியது என்ன என்று அன்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பழைய ருசி வரட்டும். பழைய அலட்சியம் வேண்டாம்.

இன்னொன்று. இந்த மிட்டாய்களைச் செய்வது பெரும்பாலும் அடுப்படி வெக்கையில் நிற்கும் பெண்கள். ஏ.சி. கடையில் ஜாடிக்குள் போனதும் விலை ஏறுகிறது. அவர்கள் கூலியும் ஏற வேண்டாமா? மொத்தக் கடையில் பாக்கெட் வாங்கி ஜாடியில் கொட்டுவதை விட்டு, அவர்களிடமே நேரில் வாங்குங்கள். ஜாடியின் மேல் என்னென்ன சேர்த்தது, யார் செய்தது, எந்த ஊர் என்று எழுதி ஒட்டுங்கள். அந்த எழுத்துதான் வாங்குபவரை மறுபடியும் வரவைக்கும்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கடை இருந்தால் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்.