மஞ்சள் விளக்கு எரிந்தால் ஓட்டுநர்தான் குற்றவாளியா?

ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்.யு.வி. வாங்கப் போகும் குடும்பத்துக்கு ஷோரூமில் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். மேற்கூரைக் கண்ணாடி விலகுகிறது. பெரிய தொடுதிரை ஒளிர்கிறது. இருக்கைக்குள்ளிருந்து குளிர்காற்று வருகிறது. முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால் இது தானே பிரேக் பிடிக்கும் என்கிறார் விற்பனையாளர். சேற்றுக்கும் மணலுக்கும் தனித்தனி ஓட்டமுறை உண்டு. பாட்டி ஏறி உட்கார்ந்து பார்க்கிறார், பிள்ளைகள் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துக்கொள்கிறார்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை இனி ஒரு பிரச்னை இல்லை என்று அப்பா கணக்குப் போடுகிறார். கையெழுத்துப் போடும்வரை ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: "தினமும் எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் குடும்பம் நிம்மதியாக இருக்குமா, சர்வீஸ் சென்டர் வாசலில் காத்துக் கிடக்குமா என்பது முடிவாகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் வண்டிகள் பி.எஸ்.-6 விதிக்கு உட்பட்டவை. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளிவிடலாம் என்று பி.எஸ்.-4 அனுமதித்த நுண்துகள் 25 மில்லிகிராம். புதிய விதி அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் பிள்ளைகளின் நுரையீரலுக்காக எடுத்த நல்ல முடிவு அது; அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்த அளவை எட்டுவதற்காக டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் பொருத்தப்பட்டதுதான் டி.பி.எஃப். என்கிற கரித்துகள் வடிகட்டி. தேன்கூடு போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் உருளை அது. என்ஜின் கக்கும் கரி இதில் தங்கிவிடும்.

தங்கிய கரி அங்கேயே இருந்தால் புகைப்பாதை அடைபடும். ஆகவே வண்டி அவ்வப்போது அதை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும். ரீஜெனரேஷன் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். ஊருக்குள் அந்தச் சூடு வராது. அப்போது என்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோகிறது. இந்த வேலை முடிய வண்டி கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் என்ஜினை அணைத்தால் வேலை பாதியில் நின்றுபோகும். நாலைந்து முறை இப்படி நின்றால் கரி மிகுந்து, முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். அதற்கும் மேலே போனால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். மேம்பாலத்தில் பின்னால் லாரி ஹாரன் அடிக்க, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது.

இன்னொரு கேடு கண்ணுக்கே தெரியாது. சூடேற்றுவதற்காகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ரீஜெனரேஷன் திரும்பத் திரும்பத் தொடங்கித் தடைபடும் வண்டியில் ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். நீர்த்துப்போன ஆயில் என்ஜினின் ஆயுளைத் தின்னும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, அளவு கூடியிருந்தால் உடனே கேளுங்கள் என்று வண்டி வாங்குகிறவருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு, பீளமேட்டிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு என்றுதான் இந்த வண்டிகள் ஓடுகின்றன. காலையில் பள்ளிக்கூடம், பிறகு அலுவலகம், மாலையில் காய்கறிக் கடை. ஒவ்வொன்றும் ஆறேழு கிலோமீட்டர், ஒவ்வொன்றிலும் அரை டஜன் சிக்னல். எங்கே கிடைக்கும் கால் மணி நேரச் சீரான ஓட்டம்?

கோவையில் என் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டருக்கு அவருடன் நானும் போயிருந்தேன். "மேடம், நீங்க சிட்டிக்குள்ளயே ஓட்டுறீங்க. நீலாம்பூர் பைபாஸ்ல ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க, லைட் அணைஞ்சிரும்" என்றார் அங்கிருந்த இளைஞர். "தம்பி, இத வண்டி விக்கும்போது சொல்லியிருந்தா நான் பெட்ரோல் வண்டி வாங்கியிருப்பேனே" என்றார் இவர். அந்த இளைஞரிடம் பதில் இல்லை. அவரைக் குறைசொல்லவும் முடியாது, விற்றவர் அவரில்லை. ஜாப் கார்டில் 'டிரைவிங் பேட்டர்ன்' என்று எழுதி, ஸ்கேனர் மாட்டிக் கரியை எரித்து அனுப்பினார்கள். சில வாரங்களில் மீண்டும் அதே விளக்கு. இம்முறை வாரண்டியில் வராது என்று பில் போட்டார்கள். ஓட்டுகிற விதம் சரியில்லை என்பதே காரணம்.

அதாவது குற்றம் உரிமையாளருடையது. இந்தப் பதிலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். அதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு எனக்குத் துணை நிற்கிறது.

லேண்ட் குரூஸர் பிராடோ அந்நாட்டுக் குடும்பங்கள் வண்டி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு மண்சாலைகளுக்குக் கிளம்பும் பெரிய வண்டி. நம்பகத்துக்குப் பேர்போனது. 2015 அக்டோபர் 1 முதல் 2020 ஏப்ரல் 23 வரை டொயோட்டா அங்கே விற்ற பிராடோ, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் டீசல் வண்டிகளில் 2,64,170 வண்டிகளின் டி.பி.எஃப். அமைப்பு குறையுள்ளது என்று கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. நாற்றமடிக்கும் வெள்ளைப் புகை, ஓயாத ரீஜெனரேஷன், கூடிப்போன டீசல் செலவு, மீண்டும் மீண்டும் சர்வீஸ் என்று உரிமையாளர்கள் அலைந்தார்கள். 2022 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மைக்கேல் லீ அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அங்கே கோளாறைத் தூண்டிய ஓட்டமுறை எது என்று பாருங்கள். மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து, சீராக ஓட்டுவது! நம் ஊர் சர்வீஸ் சென்டர் மருந்தாகச் சொல்லும் அதே ஓட்டம் அந்த வண்டிகளுக்கு நோயாக இருந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டியது உங்கள் தவறு என்று நீதிமன்றம் உரிமையாளரைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு வண்டி எப்படியெல்லாம் ஓட்டப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியுமோ, அத்தனை சூழலிலும் வேலை செய்யும்படி அதை வடிவமைப்பது தயாரிப்பாளரின் கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வண்டியின் மதிப்பில் 17.5 சதவீதம் குறைந்ததாக நீதிபதி லீ கணக்கிட்டார். மேல்முறையீட்டில் அது 10 சதவீதமானது. 2020-ல் நிறுவனம் கொண்டுவந்த தீர்வையும் கணக்கில் எடுத்து இழப்பை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று 2024 நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. தொகையைப் பற்றித்தான் இந்த இழுபறி. வண்டி குறையுள்ளது என்ற முடிவு அப்படியே நிற்கிறது.

சிக்னலுக்குச் சிக்னல் நின்று போவது சென்னையில் எதிர்பாராத ஓட்டமுறையா? இந்தச் சாலைகளைத் தெரிந்துகொண்டுதானே இங்கே வண்டி விற்கிறார்கள்?

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஓட்டுநருக்கோ பயணிக்கோ பிற சாலைப் பயனாளிக்கோ தீங்கு என்பதோடு, சுற்றுச்சூழலுக்குத் தீங்கு என்பதையும் அந்தப் பிரிவு காரணமாக வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. பழுது நீக்கலாம், வேறு வண்டி தரலாம், முழு விலையையும் திருப்பித் தரலாம் என்பது வரை அதில் வழி உண்டு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கின்றன. ஆனால் உரிமையாளர்களின் புகாரால் அந்தச் சக்கரம் சுழல வேண்டுமானால், ஆண்டுக்கு 10,000-க்கு மேல் விற்கும் கார் ரகத்துக்கு 1,250 பேர் புகார் பதிய வேண்டும். ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நம்ப வைக்கப்பட்டு வீடு திரும்பினால் 1,250 எப்போது சேரும்? ஜாப் கார்டுகள் எல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன. எத்தனை வண்டிக்கு எத்தனை முறை கரி எரித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

நிறுவனங்கள் மனம் வைத்தால் செய்ய முடியாததில்லை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, என்ஜின் பகுதியில் ஒயர்கள் உரசித் தேய வாய்ப்பிருக்கிறது என்று 1,08,306 எக்ஸ்.யு.வி.700 வண்டிகளைத் தானாகவே அழைத்துப் பரிசோதித்தது. ஒயர் குறைக்குக் காட்டிய அந்த அக்கறையைப் புகைவடிகட்டிக் கோளாறுக்கும் எல்லா நிறுவனங்களும் காட்ட வேண்டும்.

இத்தகைய டீசல் எஸ்.யு.வி. வாங்குகிறவர் அரசுக்குக் கொடுப்பது கொஞ்சநஞ்சமல்ல. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் என்ஜின் என்றால் 40 சதவீத ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வசதி உள்ளவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளட்டும் என்று சிலர் நினைக்கலாம். ஏழு வருடத் தவணையில் மாதச் சம்பளக்காரர் வாங்கிய வண்டிகள்தான் இவற்றில் ஏராளம். அதோடு, இந்தக் கோளாறு உரிமையாளரின் பணப்பையோடு முடிவதும் இல்லை. அலுத்துப்போனவர்களிடம் வெளியே உள்ள சில பட்டறைகள் வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்று ஆசை காட்டுகின்றன. இது சட்டவிரோதம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம். வாரண்டியும் போகும். அந்தக் கரி முழுவதும் பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கும் பெண்ணின் மூச்சில் போய்ச் சேரும். காற்றைக் காக்க வந்த விதியை, விற்பனையின்போது காக்கும் மௌனம் இப்படித்தான் முறியடிக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உடனே செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ள காரியங்கள் இல்லை. எந்த மாதிரி ஓட்டத்துக்கு இந்த டீசல் வண்டி பொருந்தாது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு, முன்பணம் வாங்கும் முன் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லலாம். நின்ற இடத்திலேயே கரியை எரிக்கும் பொத்தானை எல்லா டீசல் எஸ்.யு.வி.க்கும் கட்டாயமாக்கலாம், ஆஸ்திரேலியாவில் டொயோட்டா 2018-லேயே அதைச் சேர்த்தது. வடிகட்டிக்கான வாரண்டியிலிருந்து 'டிரைவிங் பேட்டர்ன்' என்ற விலக்கை நீக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் எத்தனை டி.பி.எஃப். புகார் வந்தது என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நுகர்வோர் சட்டத்திலும் ஒரு திருத்தம் அவசியம். இன்று தயாரிப்புக் குறை என்று சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுகிறது. ஆய்வகச் சோதனைக் கட்டணத்தையும் அவர்தான் முதலில் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் 2012 முதல் உள்ள சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியவர் விற்றவர். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை, இந்தக் கட்டுரையைப் படிக்கும் டீசல் வண்டி உரிமையாளர்கள் சும்மா இருக்க வேண்டாம். விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் ஓடிய தூரம் தெரியும்படி படம் எடுங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மத்திய அமைச்சகத்துக்கும் எழுதுங்கள். அந்த 1,250-ல் நீங்களும் ஒருவர். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்; 20 லட்சத்துக்குள் என்றால் 400 ரூபாய்தான். ஒரே கோளாறு உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் தொடுக்கலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும் என்ற வாய்வார்த்தையை நம்பி அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.