பதக்கம் யார் மார்பில் இருந்தது?



பொங்கல் விழா, சித்திரைத் திருநாள் என்று வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வினாடி வினா வைப்பது நம்மைப் போன்ற சங்கங்களில் வழக்கமாகிவிட்டது. கேள்விகளும் வழக்கமானவையே. திருக்குறளில் எத்தனை அதிகாரம், சிலப்பதிகாரத்தை இயற்றியவர் யார், மதுரை எந்த ஆற்றங்கரையில் உள்ளது என்று கேட்கிறோம். பிள்ளைகள் முதல் நாள் இரவே அம்மாவிடம் கேட்டு உருப்போட்டு வந்து, மேடையில் ஒப்பித்து, எவர்சில்வர் டப்பாவைப் பரிசாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உருப்போடுவது வேறு, தேடித் தெரிந்துகொள்வது வேறு. வருகிற விழாவில் ஒரு மாறுதலாக, பழம்பொருள் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் ஆடும் ஒரு விளையாட்டை நாமும் ஆடிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. அதுவும் சோவியத் நாட்டு ராணுவப் பதக்கங்களை வைத்து!

"தமிழ்ச் சங்கத்துக்கும் சோவியத் பதக்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பொறுமையுடன் படித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

விளையாட்டு எளியது. ஒருவர் ஒரு பதக்கத்தின் படத்தைக் காட்டி அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். மற்றவர்கள் யோசித்து விடை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. வென்றவருக்குக் கிடைப்பது இன்னொரு கேள்வி தயாரிக்கும் வேலைதான். நம் பாட்டிமார் திண்ணையில் விடுகதை போட்ட முறையும் ஏறக்குறைய இதுதானே!

மாதிரிக்குச் சில கேள்விகளைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத் அரசு இரண்டு வெற்றிப் பதக்கங்களை வெளியிட்டது. ஒன்று ஜெர்மனியை வென்றதற்கு, மற்றது ஜப்பானை வென்றதற்கு. இரண்டிலும் ஸ்டாலினின் பக்கவாட்டு முகம் உண்டு. ஒன்றில் அவர் இடப்பக்கம் பார்க்கிறார், மற்றதில் வலப்பக்கம் பார்க்கிறார். எதில் எப்பக்கம்? உலகப் படத்தை விரித்து ரஷ்யாவின் நடுவில் நின்றுகொள்ளுங்கள். ஜெர்மனி இடப்பக்கம், ஜப்பான் வலப்பக்கம். விடையும் அதுவே. பூகோளப் பாடத்தில் கோட்டைவிடும் பிள்ளைகூட இதை மறக்காது.

அடுத்தது. 1942-இல் ஏற்படுத்தப்பட்ட அலெக்சாந்தர் நெவ்ஸ்கி விருதில் ஒரு முகம் பொறிக்கப்பட்டுள்ளது. நெவ்ஸ்கி 13-ஆம் நூற்றாண்டு இளவரசர். அவர் வாழ்ந்த காலத்துப் படம் எதுவும் இல்லை. அப்படியானால் விருதில் உள்ள முகம் யாருடையது? 1938-இல் ஐசன்ஸ்டைன் எடுத்த திரைப்படத்தில் நெவ்ஸ்கியாக நடித்த நிக்கலாய் செர்காசவ் என்ற நடிகருடையது! இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. வீரபாண்டிய கட்டபொம்மன் என்றதும் நம் கண்ணில் வருவது 1959-இல் வந்த படத்தின் சிவாஜி கணேசன் முகமல்லவா?

இன்னொன்று. சோவியத் நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருது 'வெற்றி' விருது. பிளாட்டினத்தில் வைரம் பதித்தது. அது வழங்கப்பட்டது மொத்தம் 20 முறைதான். அவற்றுள் ஒன்று பின்னர் திரும்பப் பெறப்பட்டது. யாரிடமிருந்து? 1978-இல் தமக்கே அதை வழங்கச் செய்துகொண்ட பிரெஷ்னேவிடமிருந்து. அவர் இறந்து ஏழாண்டு கழித்து, 1989-இல் அந்த விருது ரத்து செய்யப்பட்டது. பட்டத்தையும் பொன்னாடையையும் தேடி அலைகிற நம்மூர்ப் பெரிய மனிதர்களுக்கு இந்தக் கேள்வியைத் தனியாகப் போடலாம்.

கடைசியாக ஒன்று. 'சோவியத் யூனியனின் வீரர்' என்னும் பட்டத்தைக் கடைசியாகப் பெற்றவர் ஒரு கடற்படை முக்குளிப்பு வீரர். ஆணை வெளியானது 1991 டிசம்பர் 24-இல். அவர் கையில் பொன் நட்சத்திரம் வந்து சேர்ந்தது 1992 ஜனவரியில். இடைப்பட்ட நாட்களில் என்ன நடந்தது? விருது கொடுத்த நாடே இல்லாமல் போயிற்று!

நான்கு கேள்விகள்தாம். ஆனால் பூகோளம், சினிமா, அரசியல், ஒரு பேரரசின் மறைவு ஆகிய நான்கும் வந்துவிட்டன. மனப்பாடக் கேள்வியில் இந்தச் சுவை உண்டா?

இனி, நமக்கு என்ன சம்பந்தம் என்பதற்கு வருகிறேன்.

நாம் குடியிருப்பது சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் காவல் இருக்கும் ஊர். இங்கிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து வேர்விட்டதற்கு அந்த ஏவுதளமும் ஒரு காரணம். ராக்கெட் கிளம்பும் நாளில் மாடியில் ஏறி நின்று பார்ப்பது நம் பிள்ளைகளுக்குக் கோயில் தேர் பார்ப்பது போல. ஆனால் பாரதத்தின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா இங்கிருந்து கிளம்பவில்லை. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் ஒன்று அதைச் சுமந்து சென்றது. கிளம்பிய இடம் வோல்கா நதிப் பக்கத்துச் சமவெளியில் உள்ள கபூஸ்தின் யார். அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெருநகரம் வோல்காகிராட். பழைய பெயர் ஸ்டாலின்கிராட். 1943 பிப்ரவரியில் ஹிட்லரின் ஒரு முழுப் படையே சரணடைந்த அதே ஸ்டாலின்கிராட்! அந்த நகரைக் காத்தவர்களுக்கென்று தனிப் பதக்கம் உண்டு. ஆக, அந்தப் பதக்கத்தின் படத்தைக் காட்டித் தொடங்கினால் மூன்றாவது கேள்வியில் ஆரியபட்டாவுக்கும், ஐந்தாவது கேள்வியில் 2001 ஏப்ரல் 18-இல் ரஷ்யக் கிரையோஜெனிக் எஞ்சினுடன் நம் பக்கத்திலிருந்தே கிளம்பிய முதல் ஜி.எஸ்.எல்.வி.க்கும் வந்து சேர்ந்துவிடலாம்.

1984-இல் சோயூஸ் கலத்தில் சென்ற ராகேஷ் சர்மா 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் பெற்றார் என்பது பலருக்கும் தெரியும். அவருடன் சென்ற மாலிஷெவ், ஸ்திரெகாலவ் என்ற இரு சோவியத் விண்வெளி வீரர்களுக்கு நம் அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த கூட்டத்தில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் சோவியத் அரசின் செந்நட்சத்திர விருதைப் பெற்ற இந்தியப் படைவீரர் இருவர். ஒருவர் இமயமலை அடிவாரத்துப் பிதோராகட் பகுதியைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த். மற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம். ஆம், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்! ஆண்டு 1944. இருவரும் இந்தியப் படையின் போக்குவரத்து, உணவு வழங்கல் பிரிவில் பணியாற்றியவர்கள். பாரசீக நாட்டின் வழியே சோவியத் படைக்குச் சரக்குகள் சென்ற பாதையைத் திறந்து வைத்திருந்தவர்களில் இவர்களும் அடங்குவர். துப்பாக்கி ஏந்தி முன்னணியில் நின்றவர்கள் அல்லர். லாரியும் மூட்டையும் மலைச்சாலையும்தான் இவர்களுடைய போர்க்களம். செந்நட்சத்திர விருது ஏறத்தாழ 38 லட்சம் முறை வழங்கப்பட்டது. அவற்றில் ஒன்று நம் பக்கத்து மனிதர் ஒருவருடைய மார்பில் இருந்தது என்பதை எந்தப் பள்ளிப் பாடத்தில் படித்தோம்? "நிக்கம் என்பது தமிழ்ப் பெயரா?" என்று ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். நாம் ஆந்திர மண்ணில் இருந்துகொண்டு தமிழர் என்று சொல்லிக்கொள்ளவில்லையா?

இப்போது எதிர்வாதங்களைப் பார்ப்போம். மூன்று சொல்லப்படலாம்.

முதலாவது, "ஸ்டாலின் முகம் பதித்த பதக்கத்தைப் பிள்ளைகளிடம் காட்டுவதா? அந்த ஆட்சியில் செத்தவர்கள் கணக்கு என்ன?" என்பது. இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சொந்த மக்களைச் சிறைமுகாம்களில் வாட்டிய ஆட்சிதான் அது. ஆனால் பதக்கத்தை அணிந்தவர் வேறு, அதில் பொறித்த முகம் வேறு. போரில் அந்நாடு பறிகொடுத்த உயிர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். லெனின்கிராட் நகரம் இரண்டாண்டுக்கு மேல் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது அதைக் காத்ததற்கான பதக்கம் பொதுமக்களுக்கும் கிடைத்தது, சிறுவர் சிறுமியருக்கும் கிடைத்தது. அந்தச் சிறுமி எந்தக் கட்சி? இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் சரித்திரம். ஒன்றை மட்டும் சொன்னால் அது பிரசாரம்.

இரண்டாவது, இன்றைய நிலைமை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. செந்நட்சத்திரத்தை ரஷ்யரும் அணிந்தார்கள், உக்ரைனியரும் அணிந்தார்கள். ஒரே பதுங்கு குழியில் இருந்த தாத்தாக்களின் பேரன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். எனவே இந்தப் பதக்கத்தை 'ரஷ்யப் பதக்கம்' என்று சொல்வதே பாதி உண்மைதான். பிள்ளைகளுக்கு இதை மறைக்கக் கூடாது. கேள்வியாகவே கேட்க வேண்டும்.

மூன்றாவது, பணம். 1991-க்குப் பிறகு ரஷ்யாவில் ஓய்வூதியம் ரொட்டிக்கே போதாத நிலையில் முதியவர்கள் தங்கள் பதக்கங்களை மாஸ்கோச் சந்தைகளில் விற்றார்கள். உலகெங்கும் இவை பரவியதற்கு அந்தப் பசியும் ஒரு காரணம். ரஷ்யாவில் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றம், சோவியத் காலத்து விருதுகளும் இதில் அடங்கும். போலிகளும் ஏராளம். ஆகவே நம் விளையாட்டில் ஒரு விதி உறுதியாக இருக்கட்டும்: யாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. படம் போதும். 'இது என்ன விலை போகும்?' என்ற கேள்விக்கு இடமே இல்லை. 'இது யார் மார்பில் இருந்தது?' என்பதே முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்குமா என்றால், பல வேளைகளில் கிடைக்கும். செந்நட்சத்திரம் போன்ற விருதுகளின் பின்புறம் ஓர் எண் பொறித்திருக்கும். எந்த எண் யாருக்கு, எந்தச் செயலுக்காக என்பது ஆவணக் காப்பகத்தில் பதிவாகியிருக்கும். எண்ணை வைத்துப் பெயரைத் தேடிப் பிடிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். பெயர் தெரியாதவரை அது வெறும் வெள்ளியும் எனாமலும்தான்.

நமக்கு இது புதிதன்று. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரும் செயலும் பொறித்தவர்கள் நம் முன்னோர். செங்கம், தருமபுரிப் பக்கம் மட்டுமல்ல, இங்கே சித்தூர்ப் பக்கத்திலும் வீரக்கற்கள் உண்டு, தெலுங்கு எழுத்தில். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது வீரன், தெரியாதவனுக்குத் துணி துவைக்கும் கல்.

நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளையும் நினைத்துப் பார்ப்போம். முதல் உலகப்போருக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்த போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. விளிம்பில் அவருடைய எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். மூட்டை தூக்கவும் பாதை போடவும் தொழிலாளர் படையில் சென்றவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். கூலிக்காரனுக்கு வெள்ளி கூடாது என்று நினைத்தார்கள் போலும்! வெள்ளி தட்டான் கடையில் உருகியது, வெண்கலம் பழைய பாத்திரக்காரரிடம் போயிற்று. பேரனுக்குத் தாத்தாவின் படைப்பிரிவுப் பெயரும் தெரியாது. எங்கோ ஒரு வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, "இந்தத் தமிழ்ப் பெயர்க்காரர் யார்?" என்று நண்பர்களிடம் வினா விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை சொல்ல வேண்டியவர்கள் நாமல்லவா?

கடைசியாக மொழி. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் தெலுங்கும் பேசுகிறார்கள். தமிழ் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்து மொழியாகச் சுருங்கி வருகிறது. "சாதம் போடு, மோர் ஊற்று" என்பதற்கு மேல் தமிழில் பேச விஷயம் கொடுக்காமல், "தமிழில் பேசு" என்று அதட்டி என்ன பயன்? எனாமலுக்கும் கிரையோஜெனிக்குக்கும் தமிழ்ச்சொல் உடனே வராவிட்டால் போகிறது, வாக்கியம் தமிழாக இருக்கட்டும். ஒரு பதக்கத்தைக் காட்டி, சந்தேகப்பட்டு, வாதாடி, சிரித்து, விடை கண்டுபிடிக்கும் ஒரு மணி நேரம் முழுவதும் தமிழில் நடந்தால், அது பத்துப் பேச்சுப் போட்டிகளுக்குச் சமம்.

ஆகவே சங்கப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்கு ஒருவர் ஒரு படமோ, பழைய பதக்கமோ, தபால்தலையோ கொண்டுவரட்டும். அதைப் பற்றி ஒரு கேள்வி, தமிழில். விடை தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லோருமாகச் சேர்ந்து தேடலாம். தாத்தாவின் பதக்கம் யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து பாலிஷ் போட வேண்டாம். விளிம்பில் உள்ள எழுத்து தேய்ந்துவிடும்.